வலது முன்னங்காலின் அச்சு

எங்கள் பந்தய மன்றத்தில் குதிரைகளைத் தவிர எல்லோருக்கும் பதவி உண்டு. தலைவர் ஒருவர், துணைத் தலைவர்கள் நால்வர், செயலாளர் ஒருவர், அவர் சொல்வதெல்லாம் சரி என்று சொல்ல ஓர் இணைச் செயலாளர். இவர்களுக்குக் கீழே பதினோரு கமிட்டிகள். கொடி ஏற்ற ஒரு கமிட்டி, இறக்க வேறொரு கமிட்டி. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதால் சில நாள் கொடி பாதிக் கம்பத்திலேயே நிற்கும். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார் போலிருக்கிறது என்று சாலையில் போகிறவர்கள் தொப்பியை எடுத்துவிட்டுப் போவார்கள்.

நான் இத்தனை கமிட்டிகளுக்கும் ரைட்டர். பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறேன், முத்திரை குத்துகிறேன், வெள்ளி முதல் ஞாயிறு வரை டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு குதிரையைக்கூட நான் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. தலைவரும் பார்த்ததில்லை. குதிரை முடி அவருக்கு ஆகாது, தும்மல் வந்துவிடும்.

மன்றத்தின் பெருமை எங்கள் மஞ்சள் புத்தகம். வாரக் கடைசியில் ஓடப்போகும் குதிரைகளைப் பற்றிய முன்னோட்டம் அது. வியாழக்கிழமை காலை குதிரைகளைச் சோதனைக்கு ஓடவிடுவார்கள். கோபுரத்தின் மேல் ஒரு மணிபார்ப்பவர் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து, ஒவ்வொரு குதிரைக்கு நேரேயும் ஒரு கருத்து எழுதுவார். மாலையில் அதை நான் அச்சுக்குக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை விடிந்தால் ஊரே அந்தப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும். பெற்ற பிள்ளையின் பரீட்சை முடிவைக்கூட அவ்வளவு கவனமாக யாரும் படிப்பதில்லை.

கருத்தை இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பன்னிரண்டு வாசகங்கள் அட்டையில் அச்சிட்டுக் கோபுரத்தில் தொங்கும். ‘நன்றாக நகர்ந்தது.’ ‘சுலபமாக வந்தது.’ ‘தோற்றம் பிரமாதம்.’ ‘நல்ல ஓய்வில் இருக்கிறது, கவனிக்கவும்.’ இப்படிப் பன்னிரண்டு. முன்பு பதிமூன்று இருந்தன. பதிமூன்றாவது, ‘நொண்டுகிறது.’ ஒரு பெரிய மனிதரின் குதிரைக்கு நேரே அந்தச் சொல் அச்சாகி, அவர் வீட்டம்மா இரண்டு நாள் யாரையும் பார்க்கவில்லையாம். அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைவர் பேசினார்:

“நண்பர்களே, நொண்டுகிறது என்று நாம் எழுதுவதால்தான் குதிரைகள் நொண்டுகின்றன. நாம் எழுதாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?”

கைதட்டல் ஒரு நிமிடம் நீடித்தது என்று என் குறிப்பில் இருக்கிறது. அன்றிலிருந்து ஆறு வருடமாக எங்கள் பதிவேடுகளில் எந்தக் குதிரையும் நொண்டியதில்லை. அதைப் பாராட்டி மன்றத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கொடுத்ததும் மன்றம்தான்.

பழைய மணிபார்ப்பவருக்குக் கண் மங்கிப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் அவர் எழுதிய கருத்துகள்தான் மிகவும் துல்லியமானவை என்று பேர். ஒரு நாள் கோபுரத்துக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டதால் விஷயம் வெளியே வந்தது. அவர் இடத்துக்கு வந்தவர்தான் டிரில் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டு மணி பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் பாவம், குதிரைகளுக்கு நேரே ‘இன்னும் முயற்சி தேவை’, ‘பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறான்’ என்றெல்லாம் எழுதிவிட்டார். செயலாளர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு அட்டையைக் காட்டினார்.

“இதுல இருக்கறத மட்டும் எழுதினா போதும், மாஸ்டர். யோசிக்கறதுக்குத் தனியா கமிட்டி இருக்கு.”

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை அவர் என் அறைக்கு வந்தார். கால்சட்டை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. கோபுரத்திலிருந்து இறங்கி, புல்லில் நடந்து குதிரையின் அருகில் போயிருக்கிறார் என்று தெரிந்தது. மன்ற வரலாற்றில் எந்த மணிபார்ப்பவரும் செய்யாத காரியம்.

“ரைட்டரே, ஏழாம் நம்பர் நொண்டுது.”

“அந்த வார்த்தை இப்ப இல்ல மாஸ்டர்.”

“வார்த்தை இல்லாட்டி என்ன? கால் இருக்கே!”

அவருக்குப் பின்னால், வாசலுக்கு வெளியிலேயே நின்றிருந்தார் குதிரைக்காரர். ஏழாம் எண்ணைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஒரு ஈரத்துணி. குதிரைக்கு மன்றம் பதிந்த பெயர் ‘நிகரில்லாப் பேரரசி’. இவர் அதைக் கண்ணு என்று கூப்பிடுவார். மூன்று வருடமாக அதன் லாயத்திலேயே ஒரு கட்டில் போட்டுப் படுக்கிறார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“வலது முன்னங்கால் சார். முழங்காலுக்குக் கீழ கை வச்சா சுடுது. நாலு நாளா சரியாத் திங்கல. டிரெய்னர்கிட்ட சொன்னேன், ஓடினா சரியாயிடும்ங்கறாரு. முதலாளி வெளிநாட்டுல இருக்காராம், போன எடுக்கல.”

மாஸ்டர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “புத்தகம் உங்க கையாலதான அச்சுக்குப் போகுது? அந்த ஒரு வார்த்தையச் சேத்துடுங்க. நான் எழுதினேன்னு சொல்லிக்கறேன்.”

“எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு மாஸ்டர்.”

இதைச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்தொன்பது வருடமாக எதற்கும் நான் சொல்லும் பதில் அது. பெண்கள் இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கி நாளாகிவிட்டது.

“அப்ப என்ன எழுத? சுலபமாக வந்ததுன்னா? பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லையே.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. “எதுவுமே எழுத வேணாம் மாஸ்டர். காலியா விட்டுடுங்க. கருத்து இல்லாத குதிரை மேல எவனும் பணம் கட்ட மாட்டான். எவனும் கட்டலன்னா இவங்களே கழட்டி விட்டுடுவாங்க. சட்டமும் மீறல, பொய்யும் இல்ல.”

மாஸ்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குதிரைக்காரர் ஈரத்துணியோடு கும்பிட்டார். அன்று மத்தியானம் நான் ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மஞ்சள் புத்தகம் வந்தது. அறுபத்திரண்டு வருடத்தில் அதில் ஒரு காலியிடம் வந்ததில்லை. காலை ஒன்பது மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் புத்தகத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இன்னொருவர் அந்த இடத்தின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தார்.

“எழுதக்கூடாதுன்னு மேலேர்ந்து சொல்லியிருக்காங்கப்பா. எழுதினா எல்லாரும் கட்டிடுவானுங்கள்ல?”

“அப்ப அவங்களே மொத்தமா கட்டப் போறாங்கங்கற?”

“பின்ன? ஒரு குதிரையப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லாமயா போயிடும்? சொல்ல முடியாத அளவுக்கு இருக்கு, அதான்.”

முடிதிருத்துபவர் ஒருவர் பாதி மீசையோடு ஆளை விட்டுவிட்டுக் கவுண்டருக்கு ஓடினார். பாதி மீசைக்காரர் அவர் பின்னாலேயே ஓடிவந்தது மீசைக்காக இல்லை. மாலைக்குள் விற்ற டிக்கெட்டுகளில் பத்துக்கு ஒன்பது ஏழாம் எண். பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஒருவர் காலியிடத்தை அளவுகோலால் அளந்து, ஒன்றே கால் அங்குலம், ஆகவே ஒன்றே கால் குதிரை நீளத்தில் ஜெயிக்கும் என்று நிரூபித்தார். நான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை மாஸ்டரும் குதிரைக்காரரும் மறுபடி வந்தார்கள். இனி ஒரே வழி விலகல் படிவம். அதில் ஒரு சிக்கல் உண்டு. எப்போதோ ஒருவர் அடுத்தவர் குதிரையைத் தன் குதிரை என்று சொல்லி விலக்கிவிட்டாராம். அதிலிருந்து ஆள்மாறாட்டத்தைத் தடுக்க, விலக வேண்டிய குதிரை அலுவலகத்துக்கு நேரில் வந்து, வலது முன்னங்கால் குளம்பின் அச்சைப் படிவத்தில் பதிக்க வேண்டும். பதியும்போது எடுத்த பழைய அச்சோடு ஒத்துப்போனால் மன்றத்தின் குதிரை டாக்டர் அதன் கீழே கையெழுத்துப் போடுவார்.

கண்ணு மூன்று படி ஏறி எங்கள் வராந்தாவுக்கு வந்தது. அந்த மூன்று படி ஏற அது எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று மாஸ்டரின் ஸ்டாப்வாட்சுக்குத்தான் தெரியும். செயலாளர் பூதக்கண்ணாடியோடு நின்றார். அடையாளக் கமிட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. டாக்டர் விதிப்படி பதினைந்து அடி தள்ளி, ஒரு தூணுக்குப் பின்னால் நின்று குதிரையின் காகிதங்களைச் சோதித்தார். காகிதங்கள் நல்ல ஆரோக்கியமாக இருந்தன.

அது என் மேஜைப் பக்கம் தலையை நீட்டிப் பதிவேட்டை முகர்ந்தது. அதன் மூச்சு என் கையின் மேல் பட்டது. இவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தரையில் படிவத்தை விரித்து, தட்டில் மையை ஊற்றி வைத்தேன். குதிரைக்காரர் குனிந்து அந்தக் காலைத் தொட்டார். அது வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

“ஒரே ஒரு தடவ கண்ணு. ஒரே ஒரு தடவ வச்சிட்டா போதும். அப்புறம் யாரும் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அவர் சொன்னார் என்பதற்காக அது வைத்தது. உடம்பெல்லாம் நடுங்க, காகிதத்தின் மேல் குளம்பை லேசாகத் தொட்டுவிட்டு எடுத்துவிட்டது. செயலாளர் பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

“அழுத்தம் போதாது.”

“ஊன முடியல சார். அதனாலதான சார் வந்திருக்கோம்!” என்றார் குதிரைக்காரர்.

“இங்க பாருங்க. ஊனலன்னா அச்சு விழாது. அச்சு விழலன்னா படிவம் செல்லாது. படிவம் செல்லலன்னா, மன்றத்தப் பொறுத்தவரைக்கும் குதிரை நல்லா இருக்குன்னு அர்த்தம். நல்லா இருக்கிற குதிரைய எதுக்கு விலக்கணும்?”

“இடது கால் நல்லா இருக்கு சார். அத வைக்கச் சொல்றேன்.”

“ஒருத்தர் கையெழுத்த இன்னொருத்தர் போட்டா அதுக்கு என்ன பேருன்னு தெரியுமில்ல? போலீஸுக்குப் போகணுமா?”

மாஸ்டர் டாக்டரிடம் ஓடினார். “நீங்களாவது கொஞ்சம் பக்கத்துல வந்து பாருங்க சார்!”

டாக்டருக்கு உண்மையாகவே வருத்தம்தான். “நான் அச்சுக்குக் கீழதான் கையெழுத்துப் போட முடியும். அச்சே இல்லாதப்ப நான் எதுக்குக் கீழ போடுவேன், நீங்களே சொல்லுங்க?”

‘நிராகரிக்கப்பட்டது’ என்ற முத்திரையை எடுத்துக் குத்தியவன் நான். மங்கலான அந்த அரைவட்டத்தின் மேலேயே குத்தினேன். என் கைக்கு அந்த வேலை பழக்கம், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

பந்தயத்துக்கு முன் தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார். “மக்கள் ஏழாம் எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மக்களின் தீர்ப்பை ஒரு கால் எதிர்க்க முடியுமா? மூன்று கால்கள் நம்மோடு இருக்கின்றன!” கூட்டம் ஆர்ப்பரித்தது.

கண்ணு ஓடியது. ஓடச் சொன்னார்கள், ஓடியது. முதல் வளைவு வரை முன்னால்கூட இருந்தது. கவுண்டர் ஜன்னலிலிருந்து எனக்கு அந்த வளைவு நன்றாகத் தெரியும். இரண்டாம் வளைவில் அது ஒரு பக்கமாகச் சரிந்தது. ஜாக்கி உருண்டு எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார். அது எழுந்து நிற்கப் பார்த்தது, மறுபடி பார்த்தது. கோபுரத்தில் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

விழுந்த குதிரையைக் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்க நான்கு பேர் பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரைக்கு ஒரு கமிட்டி உண்டு. அன்று திரை நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. திரை தரை வரைக்கும் எட்டவில்லை. கீழே மண்டியிட்டிருந்த குதிரைக்காரரின் செருப்பில்லாத பாதங்கள் தெரிந்தன. பிறகு ஒரு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அந்தப் பாதங்கள் வெகுநேரம் அசையவில்லை.

இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்குத் தீர்மானம் போட்டார்கள். அடுத்த பந்தயத்துக்கு ஒன்றரை நிமிடமே இருந்ததால், அடுத்த பந்தயம் நடக்கும்போதே அவரவர் மனத்துக்குள் அனுசரித்துக்கொள்வது என்று திருத்தம் கொண்டுவந்தார்கள். ஒருமனதாக நிறைவேறியது.

திங்கட்கிழமை விசாரணை. குதிரை பொதுமக்களின் எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடந்துகொள்ளத் தவறியது என்று முடிவானது. உடல்நிலை சரியில்லாததை எழுத்து மூலம் தெரிவிக்காததால் குதிரைக்காரர் லாயத்துக்குள் நுழையத் தடை. அவருக்கு எழுதத் தெரியாது. கட்டில், வாளி, துணி, கடிவாளம் எல்லாம் மன்றத்தின் சொத்து என்பதால் வெறுங்கையோடு வெளியே போனார். இனிக் கருத்துப் பத்தியைக் காலியாக விடக்கூடாது என்றும் ஒரு விதி வந்தது.

“காலியாக விட்டது யார்?” என்று தலைவர் கேட்டார்.

நான் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நான்தான்” என்றார் மாஸ்டர். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முப்பது வருஷம் பசங்கள ஓடவிட்டிருக்கேன் சார். எத்தனையோ பேர் விழுந்திருக்கான். ஏன்டா விழுந்தேன்னு ஒருத்தனக்கூட நான் விசாரிச்சதில்ல. ஓடிப்போய்த் தூக்குவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.” ஸ்டாப்வாட்சை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த யாருக்கும் தெரியவில்லை.

‘மணிபார்ப்பவர் விளக்கம் அளித்தார்’ என்று நான் குறிப்பெழுதினேன்.

எங்கள் மன்றத்தில் குதிரைகளை இரண்டு வாரத்துக்குச் சேர்த்துப் பதிவார்கள். ஆகவே அடுத்த சனிக்கிழமைப் பட்டியலிலும் ஏழாம் எண் இருந்தது. நான் செயலாளரிடம் போனேன்.

“சார், அது செத்துப்போச்சு.”

“விலகல் படிவம் இருக்கா?”

“செத்த குதிரை எப்படி சார் குளம்பு வைக்கும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? முதலாளிகிட்டருந்து கடிதாசு வரட்டும், எடுத்துடலாம். அதுவரைக்கும் பேரு இருக்கும். பேரு இருந்தா கருத்து வேணும்.” அட்டையை எடுத்து விரலால் தடவிக்கொண்டே வந்தார். “இதோ, இதப் போடுங்க. ‘நல்ல ஓய்வில் இருக்கிறது, கவனிக்கவும்.’ இதுல பொய் ஒண்ணும் இல்லையே?”

போட்டேன்.

சனிக்கிழமை கவுண்டரைத் திறந்தபோது வரிசை வாசல் தாண்டிச் சாலைக்குப் போயிருந்தது. எல்லோருக்கும் ஏழாம் எண் வேண்டும். போன வாரம் வேண்டுமென்றே விழவைத்துவிட்டு இந்த வாரம் ஜெயிக்க வைக்கப் போகிறார்களாம்.

“அது செத்துப்போச்சுங்க” என்றேன் முதல் ஆளிடம்.

அவர் கண்ணடித்தார். “நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் ரைட்டர். ரெண்டு குடுங்க.”

“சத்தியமா செத்துப்போச்சு. நான் பாத்தேன்.”

“அப்ப நாலா குடுங்க.”

தொண்டை வறண்டுபோகும் வரை ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல வரிசை நீண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக நான் வாயைத் திறந்து உண்மை சொன்ன நாள் அது. ஒருத்தன்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரிசையின் கடைசியில் குதிரைக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

“டிக்கெட் வேணாம் சார். அன்னிக்கு ஒரு காகிதம் வச்சீங்களே, கண்ணு கால் வச்சது. அது இருக்குங்களா?”

நிராகரித்த படிவங்களை ஏழு வருடம் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. நான் கவுண்டரை மூடிவிட்டு எழுந்தேன். வெளியே கத்தினார்கள். பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தேன். அவர் உள்ளங்கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். என் முத்திரையின் கீழே, பிறை போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு.

“லேசாத்தான் விழுந்திருக்கு” என்றார். அதன் மேல் விரல் படாமல் காற்றிலேயே தடவினார். “வலிச்சிருக்கும் சார். இருந்தாலும் நான் சொன்னேன்னு வச்சது.”

என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காகிதத்தை மடிக்காமல், இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

பீரோவிலிருந்து ஏதாவது வெளியே போனால் பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, படிவ எண், எடுத்தவர் பெயர், காரணம். காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மணி அடித்துப் பந்தயம் தொடங்கியது, ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஏழாம் எண்ணின் கதவு திறந்து உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்துக் கூட்டம் ஊளையிட்டது. கதவை உடைப்பதுபோல் யாரோ கவுண்டரைத் தட்டினார்கள். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த இடத்தைக் காலியாக விடவில்லை.

‘குதிரை நொண்டியது. எனக்கு வியாழக்கிழமையே தெரியும்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.